ஸ்டெப் இல்லாமல் ஆடுவது எப்படி: மூளைக்கும் மனசுக்கும் 40 நிமிடப் பயிற்சி, படிப்படியாக

கோவையில் ஒரு வீட்டு மாடி ஹாலில் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எட்டுப் பத்துப் பேர் கூடுகிறோம். இசை ஓடும். ஸ்டெப் கிடையாது, கண்ணாடி கிடையாது, முன்னால் நின்று ஆடிக்காட்ட ஆளும் கிடையாது. அவரவர் உடம்பு போகிற போக்கில் அவரவர் ஆட வேண்டும். ஆறு வருடமாக இதை நடத்தி வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டு இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வந்ததும் நேராக உச்சத்துக்குப் போகப் பார்ப்பார்கள். உச்சம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முன்னாலும் பின்னாலும் இருக்கிற மெதுவான நிமிடங்களை விட்டுவிட்டால் வியர்வை கிடைக்கும், மனசு லேசாகாது. அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம்.

40 நிமிடத்தின் பங்கீடு இது: தரையில் 7, நடையில் 5, வெட்டி ஆடுவதற்கு 8, கலைவுக்கு 7, இறங்குவதற்கு 5, அசையாமல் 5, நோட்டில் எழுத 3. அமெரிக்காவில் கேப்ரியல் ராத் உருவாக்கிய ஃபைவ் ரிதம்ஸ் முறையிலும் ஓட்டம், வெட்டு, கலைவு, இலகு, அசைவின்மை என்ற வரிசைதான். நான் அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு, நம் வீட்டுத் தரைக்கும் நம் காதுக்கும் ஏற்றபடி மாற்றியிருக்கிறேன்.

1. ஆடும் முன் உடம்பைக் கேட்டுவிடுங்கள்

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், வலிப்பு, தலைச்சுற்றல், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். முட்டி வலி மட்டும்தான் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம். அதுவும் முழு ஆட்டம்தான். எங்கள் குழுவில் இரண்டு பேர் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால் இதைக் கூடவே செய்யலாம். மாத்திரைக்குப் பதிலாகச் செய்யக் கூடாது. 2024-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. உடற்பயிற்சி வகைகளில் மனச்சோர்வைக் குறைப்பதில் நடனத்துக்குப் பெரிய பலன் தெரிந்தது. ஆனால் அந்தத் தொகுப்பில் நடனம் பற்றிய ஆய்வுகள் மிகச் சிலதான், ஆடியவர்களும் நூற்றுச் சொச்சம் பேர்தான். நம்பிக்கை தரும் செய்தி. அதை வைத்து மருந்தை நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

இல்லாத குரல் கேட்பது, நடப்பது நிஜமா என்றே சந்தேகம் வருவது போன்ற அனுபவம் இருந்தவர்கள் தனியாக இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காலையில் என்றால் ஒரு வாழைப்பழம் போதும்.

2. தரை, துணி, கதவு

ஆறடிக்கு ஆறடி காலி இடம் போதும். மேசை முனை, கட்டில் கால், ஃபேன் உயரம் மூன்றையும் கையை நீட்டிச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் வியர்வை சொட்டினால் வழுக்கும், அதனால் ஒரு பழைய துண்டு பக்கத்தில் இருக்கட்டும். சாக்ஸ் போடாதீர்கள், வெறுங்கால்தான். பாதத்தின் தோல் தரையை உணர்ந்து மூளைக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் தடுமாறாமல் நிற்பதில் அந்தத் தகவலுக்குப் பெரிய பங்கு உண்டு. துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அறையில் கண்ணாடி இருந்தால் ஒரு போர்வையைப் போட்டு மூடுங்கள். கண்ணாடியில் பார்த்தால் 'நான் எப்படித் தெரிகிறேன்' என்று கவனம் வெளியே போய்விடும். நமக்கு வேண்டியது 'எனக்குள் எப்படி இருக்கிறது' என்ற கவனம். இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்று இறுக்கம் போன்ற உள் செய்திகளை மூளையில் இன்சுலா என்ற பகுதி சேகரிக்கிறது. இந்தப் பயிற்சியில் அந்தச் செய்திகளைக் கேட்கத்தான் பழகுகிறோம்.

வீட்டில் இருப்பவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "நாற்பது நிமிஷம் கதவைத் தட்டாதீங்க." சொல்லாமல் ஆடினால் ஒரு காது வாசலிலேயே இருக்கும். எப்போது யார் வந்துவிடுவார்களோ என்று காத்திருக்கிற உடம்பு இளகாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆடாதீர்கள். உடம்புச் சூடும் துடிப்பும் ஏறிய பிறகு தூக்கம் தள்ளிப் போகலாம்.

3. பாட்டுப் பட்டியலை முந்தைய நாளே முடித்துவிடுங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், நீங்களும் செலவிட வேண்டும். தாளம் காதில் விழுந்ததுமே, நீங்கள் அசையாமல் படுத்திருந்தாலும், மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலையில் இறங்கிவிடும் என்பது ஸ்கேன் ஆய்வுகளில் பலமுறை தெரிந்த விஷயம். எந்த இசையைப் போடுகிறீர்களோ அதுதான் உங்கள் அசைவில் பாதியை முடிவு செய்கிறது.

சினிமாப் பாட்டு வேண்டாம். மட்டமானது என்று சொல்லவில்லை, எனக்கும் உயிர்தான். ஆனால் அந்தப் பாட்டு தொடங்கியதும் கை தானாகவே ஹீரோ ஸ்டெப்புக்குப் போய்விடும். கூடவே வரிகள் வரும், வரிகளோடு ஞாபகங்கள் வரும். யாருடைய கல்யாணத்தில் ஆடியது, யார் விட்டுப் போன வருடத்தில் கேட்டது என்று மனசு கதை சொல்ல ஆரம்பித்துவிடும். புதிதாய் அசைய வேண்டிய உடம்பு பழைய கதைக்குப் பின்பாட்டு பாடும். குறைந்தது முதல் இரண்டு மாதம் வார்த்தை இல்லாத இசையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போடும் வரிசை இப்படி:

தரைக்குத் தம்புரா மட்டும், அல்லது தாளம் சேராத புல்லாங்குழல் ஆலாபனை. நடைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வரும் சீரான தாளம். மனிதர்களின் இயல்பான நடை வேகம் 120-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, அதனால் கால் தேடாமலே தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டுக்குப் பறை, அல்லது ஆப்பிரிக்க ஜெம்பே. கலைவுக்குத் தனி ஆவர்த்தனம்: மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றும் சேர்ந்தது. இறங்குவதற்கு வீணையோ பியானோவோ, மெதுவாக. கடைசி ஐந்து நிமிடம் மௌனம்.

கலைவுக்குத் தனி ஆவர்த்தனம் எதற்கு? தாளத்தைக் கேட்கும்போது மூளை அடுத்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டே இருக்கிறது. தனியில் அந்தக் கணிப்பு திரும்பத் திரும்பத் தவறும். ஐந்தும் ஏழுமாக அடிகள் உடையும், கோர்வை எங்கோ போய் எதிர்பாராத இடத்தில் வந்து விழும். பழகிய ஸ்டெப் அங்கே ஒட்டாது, உடம்பு வேறு வழி தேடியே ஆக வேண்டும். சங்கீதம் கற்றவர்களுக்கு மட்டும் இது வேலைக்கு ஆகாது. கை தன்னால் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். அவர்களுக்கு ஜெம்பே குழு வாசிப்பே நல்லது.

பம்பையும் உடுக்கையும் நான் போடுவதில்லை. குலதெய்வக் கோயிலில் அருள் வந்து ஆடியவர்களுக்கு அந்த ஒலி வெறும் தாளம் இல்லை. அந்த ஆட்டத்துக்கென்று இடம், நேரம், சுற்றி நின்று தாங்கிப் பிடிக்கிற ஆட்கள் எல்லாம் உண்டு. திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து இறக்கிவிடுகிற முறையும் உண்டு. அது எதுவும் இல்லாத ஹாலில் அந்த ஒலியை மட்டும் எடுத்துப் போடுவது சரியில்லை. ஒருமுறை போட்டு, ஒரு அம்மா வெகுநேரம் நடுங்கி நின்றதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது.

இடையில் பாட்டை மாற்றாதீர்கள். மான்ட்ரியாலில் 2011-இல் நடந்த ஒரு ஆய்வில், பிடித்த இசையின் உச்சத்தில் மட்டுமில்லாமல் அந்த உச்சத்துக்காகக் காத்திருக்கும் நொடிகளிலும் மூளையில் டோபமைன் என்ற, ஆசையோடும் இன்பத்தோடும் தொடர்புள்ள ரசாயனம் சுரந்தது தெரிந்தது. நடுவில் தள்ளிவிட்டால் அந்தக் காத்திருப்பே அறுந்து போகும்.

4. இரண்டே விதி

ஒன்று, அடி படக் கூடாது, உங்களுக்கும் சரி, பக்கத்தில் ஆடுகிறவருக்கும் சரி. வேகமாக அசையும்போது கண் பாதியாவது திறந்திருக்கட்டும்.

இரண்டு, நிற்கக் கூடாது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் சுண்டு விரலை மட்டும் அசையுங்கள், அடுத்த அசைவு அங்கிருந்து கிளம்பும். சட்டென்று நின்றால் மனசு உள்ளே புகுந்து "இதெல்லாம் தேவையா" என்று கேட்க ஆரம்பிக்கும். சுண்டு விரல் அசைந்துகொண்டிருந்தால் அந்தக் கேள்வி வந்தாலும் போய்விடும்.

பேச்சும் வேண்டாம்.

5. முதல் 7 நிமிடம்: படுத்துத் தொடங்குங்கள்

மல்லாந்து படுங்கள். முட்டியை மடக்கிப் பாதம் தரையில் பதியட்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். மூச்சு வெளியே போகும்போது இதயம் கொஞ்சம் மெதுவாகத் துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. பத்து மூச்சுக்குள் தோள் தரையில் இறங்குவது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒரு இடத்திலிருந்து அசைவைத் தொடங்குங்கள்: முழங்கை, இடுப்பெலும்பு, கழுத்து எதுவானாலும் சரி. அது இழுக்கிற பக்கம் மீதி உடம்பு புரளட்டும். பூனை விழித்தெழும்போது பார்த்திருப்பீர்கள், அந்த வேகம்தான்.

ஏன் நிற்காமல் படுக்க வேண்டும்? நிற்கும்போது விழாமல் இருப்பதற்கே தசைகள் பாதி வேலை செய்கின்றன. கூடவே, நின்று ஆடுவதற்கு நம்மிடம் பழைய அச்சுகள் நிறைய உண்டு. பன்னிரண்டு வருடம் பரதம் கற்ற ஒரு பெண் எங்களிடம் வந்தார். எந்தத் தாளம் போட்டாலும் அவர் கால் அரைமண்டிக்குப் போய்விடும், கை முத்திரை பிடிக்கும். மூன்று வாரம் முயன்று, "எனக்கு இது வரவே வராதுண்ணா" என்றார். அடுத்த வாரம் 15 நிமிடம் தரையிலேயே இருக்கச் சொன்னேன். ஒருக்களித்துப் படுத்து, மேல் முழங்கையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தரையில் அரைமண்டி கிடையாதே. அந்த முழங்கை அவரை எழுப்பி உட்கார வைத்து, சுற்றி, மறுபடி படுக்க வைத்தது. அவர் ஆடிய முதல் ஸ்டெப் இல்லாத ஆட்டம் அதுதான்.

பொதுவான தவறு: இதை ஸ்ட்ரெச்சிங் என்று நினைத்து எட்டு எண்ணி இடம் வலம் செய்வது. எண்ண ஆரம்பித்தால் அது உடற்பயிற்சி வகுப்பாகிவிடும்.

6. அடுத்த 5 நிமிடம்: நடை

எழுந்து நடங்கள், அறை முழுக்க. வட்டமாகப் போகாதீர்கள், குறுக்கே வெட்டிப் போங்கள், திரும்பி நடங்கள், குதிகாலில் நடங்கள். கை என்ன செய்கிறது என்று பார்க்காதீர்கள்.

தாளமும் காலும் சேருவதற்காக இந்தப் படி. 2006-இல் வந்த ஒரு ஆய்வில் டேங்கோ ஆடுபவர்களைத் தலை அசையாமல் ஸ்கேனரில் படுக்க வைத்து, சரிந்த பலகை ஒன்றில் காலை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். இசையோடு கால் இசைந்து போகும்போது சிறுமூளையின் ஒரு பகுதியும், சீரான தாள அசைவின்போது மூளையின் ஆழத்தில் உள்ள புட்டமென் பகுதியும் வேலை செய்வது தெரிந்தது. இந்த ஒத்திசைவு கூடி வர ஓரிரு நிமிடம் ஆகும். அது வராமல் அடுத்ததற்குத் தாவினால் ஆட்டம் முழுக்கத் தாளத்தைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

7. அடுத்த 8 நிமிடம்: வெட்டு

பறை ஏறும் இடம். அசைவுக்கு ஆரம்பமும் முடிவும் தெளிவாக இருக்கட்டும். முழங்கையால் காற்றை இடி, நிறுத்து. தோளைத் திருப்பு, நிறுத்து. காலைத் தரையில் பதி. மூச்சு 'ஹா' என்று சத்தமாக வெளியே வரட்டும்.

கோபம் இருக்கிறவர்களுக்கு இந்த எட்டு நிமிடம் நன்றாக உதவுகிறது என்பது நான் பார்த்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். யார் மேல் கோபமோ அவர் முகத்தை நினைத்து ஆடாதீர்கள். முகம் வந்தால் வாதம் வரும், வாதம் வந்தால் கோபம் புதிதாய் ஊறும். முகத்தை விட்டுவிட்டு, கோபம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாடையிலா, கையிலா, நெஞ்சிலா? அந்த இடத்தை ஆட விடுங்கள்.

குத்து ஸ்டெப் வரும். வரட்டும். ஒரே அசைவு எட்டு அடிக்கு மேல் திரும்பினால் மட்டும் கையிலிருந்து காலுக்கோ, மேலிருந்து கீழுக்கோ மாற்றுங்கள்.

உங்களால் ஒரு வாக்கியம் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் சரி. வார்த்தையே வரவில்லையென்றால் குறையுங்கள்.

8. அடுத்த 7 நிமிடம்: கலைவு

தலையையும் கழுத்தையும் தளர விடுங்கள், வெடுக்கென்று உதற வேண்டாம். முதுகெலும்பு அலையட்டும், கைகள் துணி போலத் தொங்கட்டும். திட்டம் போடாதீர்கள். நடக்கிற அசைவை ஒரு நொடி தாமதமாகத் தெரிந்துகொள்வது போல இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மனசுக்குள் ஒருவர் உட்கார்ந்து நம் ஒவ்வொரு அசைவையும் சரிபார்த்துக்கொண்டே இருப்பார். அவர் சற்று ஓய்வு எடுப்பதுதான் இந்த ஏழு நிமிடத்தின் பயன். 2008-இல் சார்ல்ஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை ஸ்கேனரில் படுக்க வைத்து, சிறு கீபோர்டு கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மனப்பாடமாக வாசித்ததற்கும் மனோதர்மமாக, அதாவது அந்த நொடியில் தோன்றியபடி, வாசித்ததற்கும் வேறுபாடு தெரிந்தது. மனோதர்மத்தின்போது நெற்றிக்குப் பின்னால், தன்னைத்தானே கண்காணித்துத் திருத்துகிற வேலையோடு தொடர்புள்ள பகுதி அடங்கியது. அது பியானோ, இது முழு உடம்பு. தலையை அசைக்காமல் இருந்தால்தான் அந்த ஸ்கேன் எடுக்க முடியும் என்பதால் ஆட்டத்தை அப்படியே படம் பிடிக்க முடியாது. இருந்தாலும் ஆடி முடித்தவர்கள் சொல்லும் அனுபவம் அதோடு நன்றாகப் பொருந்துகிறது.

தவறுகள் இரண்டு. ஒன்று, சுற்றுவது. காதுக்குள் சமநிலைக் குழாய்களில் இருக்கும் திரவம் நீங்கள் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும், அப்போதுதான் விழுவார்கள். மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். இரண்டு, ஏதாவது பெரிதாக நடக்க வேண்டும் என்று காத்திருப்பது. அழுகை வர வேண்டும், பரவசம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தால் கண்காணிப்பவர் வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். பல நாள் ஒன்றுமே நடக்காது. அந்த நாட்களும் கணக்கில் உண்டு.

9. அடுத்த 5 நிமிடம்: இறங்குங்கள்

முதல் வருடம் நான் இந்தப் படியை வைக்கவில்லை. 25 நிமிடம் மேளமாகவே போட்டு, உச்சத்தில் நிறுத்தி, எல்லோரையும் அனுப்பிவிடுவேன். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தங்கை போன் செய்தார். "அண்ணா, தூக்கமே வரலை, கை இன்னும் நடுங்குது, காரணமே இல்லாம பயமா இருக்கு" என்றார். அவரிடம் எந்தக் கோளாறும் இல்லை. முடுக்கிவிட்ட உடம்பை இறக்காமல் அனுப்பியது என் தப்பு. படபடக்கிற நெஞ்சை மூளை எப்போதும் உற்சாகம் என்று படிப்பதில்லை. தனியறையில், ராத்திரியில், அதையே ஆபத்து என்று படித்துவிடும்.

இப்போது ஐந்து நிமிடம் இலகுவான இசை. அசைவு பெரிதிலிருந்து சிறிதாக வரட்டும்: கை, முழங்கை, மணிக்கட்டு, விரல். ஒரு உள்ளங்கையை நெஞ்சிலும் இன்னொன்றை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக மட்டும் மூச்சு விட முடிகிற வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

10. அசையாமல் 5, நோட்டில் 3

உட்காருங்கள் அல்லது படுங்கள். இசை இல்லை. ஃபேன் சத்தம், காக்கை, தெருவில் கீரை விற்கிறவர் குரல், எது கேட்டாலும் கேட்கட்டும். உடம்பில் எங்கே சூடு, எங்கே துடிப்பு, எங்கே கனம் என்று மட்டும் பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் திருடுவார்கள். போன் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

பிறகு நோட்டு. மூன்றே வரி: உடம்பில் என்ன, மனசில் என்ன, ஆடும் முன் எப்படி இருந்தது. 'நல்லா இருந்துச்சு' என்று எழுதாதீர்கள். ஏக்கமா, எரிச்சலா, நிம்மதியா, வெறுமையா? சரியான சொல்லைத் தேடுங்கள். தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 2007-இல் செய்த ஆய்வில், கோபமான, பயந்த முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பயத்துக்கு முதலில் பதில் தருகிற அமிக்டலாவின் வேகம் குறைந்தது. ஆட்டத்தில் சொல் இல்லாமல் கிளம்பியதற்கு இங்கே சொல் கொடுக்கிறோம்.

11. அழுகையோ பயமோ வந்தால்

அழுகை வந்தால் அழுதபடியே ஆடுங்கள், அசைவைச் சிறிதாக்குங்கள். பெரும்பாலும் ஒரு பாட்டு முடிவதற்குள் அடங்கும். பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டாம். கண்ணைத் துடைத்துவிட்டால் அழுகை நிற்கும்தான், ஆனால் அவர் தொடங்கியதை நாம் பாதியில் முடித்துவைத்ததாக ஆகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரை அருகில் வைத்தால் போதும்.

உடம்பு மரத்தது போல, தன்னை வெளியிலிருந்து பார்ப்பது போல, பழைய சம்பவம் கண் முன்னே நடப்பது போல இருந்தால் அது வேறு. உடனே நிறுத்துங்கள், கண்ணைத் திறங்கள், விளக்கைப் போடுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் உள்ள ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று அதோடு முடித்துக்கொள்ளுங்கள். மறுபடி வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

12. சேர்ந்து ஆடும்போது

தனியாக நான்கு வாரம் ஆடிய பிறகு ஓரிருவரோடு சேருங்கள். தொடக்கத்திலேயே கூட்டத்தில் ஆடினால் கண் பக்கத்து ஆளைத்தான் பார்க்கும்.

சேர்ந்து ஆடுவதற்குத் தனிப் பலன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களை ஆடவிட்டு 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபினை நேராக அளப்பது கடினம் என்பதால், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, காற்றை ஏற்றி, எவ்வளவு வலி வரை தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உடல் உழைப்பு அதிகமானபோதும் தாங்கும் அளவு உயர்ந்தது, ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியபோதும் உயர்ந்தது. கூட ஆடியவர்கள் மேல் நெருக்கமும் கூடியது. அதனால் நடைப் பகுதியில் இரண்டு நிமிடம் எல்லோரும் ஒரே தாளத்துக்குச் சேர்ந்து கைதட்டுகிறோம். அதன் பிறகு அவரவர் வழி.

இரண்டு பேர் மட்டும் என்றால், ஒருவர் கண்ணை மூடி மெதுவாக அசையட்டும், மற்றவர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். மேரி வைட்ஹவுஸ் தொடங்கிய ஆதென்டிக் மூவ்மென்ட் முறையில் இதுதான் அடிப்படை. பார்ப்பவர் பிறகு "அழகா ஆடினே" என்று சொல்லக் கூடாது. பாராட்டும் ஒரு மதிப்பெண்தான், அடுத்த முறை அதற்காக ஆடுவார்கள். "உன் இடது கை ரொம்ப நேரம் கழுத்துப் பக்கமே இருந்துச்சு" என்று பார்த்ததை மட்டும் சொல்லலாம்.

தொடுவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுத்தான். எங்கள் ஹாலில் தொடுவதே கிடையாது.

13. எத்தனை நாளைக்கு ஒருமுறை

வாரத்துக்கு இரண்டு முறை, எட்டு வாரம். அதற்குள் முடிவு கட்டாதீர்கள். மனசு லேசாவது பெரும்பாலும் முதல் நாளே தெரியும், அது ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும். தூக்கம், எரிச்சல், பேச்சில் பொறுமை இவற்றில் மாற்றம் வந்திருக்கிறதா என்று நோட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும்.

நினைவாற்றல் கூடுமா என்று வயதானவர்கள் கேட்பார்கள். 2003-இல் அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், உடல் அசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் டிமென்ஷியா என்ற மறதி நோய் குறைவாக வருவதோடு தொடர்பு காட்டியது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் ஆடவே போவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் முதியவர்களில் ஒரு பிரிவுக்கு நடனமும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான உடற்பயிற்சியும் 18 மாதம் கொடுத்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் இரண்டு பிரிவினருக்கும் வளர்ந்தது. சமநிலை நடனப் பிரிவினருக்கு மட்டும்தான் தேறியது. அவர்கள் ஆடியது சொல்லிக்கொடுத்த நடனம், ஆனால் அடவுகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் புதுமையைத்தான். ஒரே பட்டியலுக்கு மூன்று மாதம் ஆடினால் ஸ்டெப் இல்லாத ஆட்டத்துக்குள்ளும் ஸ்டெப் முளைத்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டியலை மாற்றுங்கள். கூடவே ஒரு டப்பாவில் பன்னிரண்டு துண்டுச் சீட்டு போட்டு வையுங்கள்: இடது குதிகால், வலது தோள்பட்டை, தாடை, இடுப்பெலும்பு, முழங்கையின் உட்பக்கம், இப்படி. தரையில் படுக்கும் முன் ஒன்றை எடுங்கள். 'இடது குதிகால்' என்று வந்தால் அன்றைய முதல் ஏழு நிமிடம் இடது குதிகால்தான் முன்னால் போகும், மீதி உடம்பெல்லாம் அதன் பின்னால் வரும்.